பிளஸ் ஆற்றில் கலப்பினக் கெளுத்தியை விட வேண்டாம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மீன் குஞ்சு விடும் விழாவை ஏற்பாடு செய்துகொண்டிருக்கும் தூண்டில்கார நண்பர்களுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறையில் பிளஸ் ஆற்றில் கெளுத்திக் குஞ்சு விடப் போவதாகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். பிள்ளைகளே பையை அவிழ்த்து விடுவார்கள் என்றும் போட்டிருந்தீர்கள். ஆற்றில் மீன் குறைந்துவிட்டதே என்ற கவலையில்தான் இதைச் செய்கிறீர்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. கூட்டத்தில் எழுந்து அவசரத்தில் ஏதாவது சொல்லிவிடாமல், நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் குஞ்சுகளை ஆற்றில் விடாதீர்கள்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். மதியத்துக்கு மேல் மண்புழு தோண்டிக்கொண்டு நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த அல்லூருக்கு, அதாவது வாய்க்காலுக்குப் போவார். அந்தியில் நாலைந்து கெளுத்தியோடு திரும்புவார். அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிப் புளிக்கறி வைப்பார். அது மலாய்க்காரர்கள் கெலி புங்கா என்று சொல்லும் மீன். சதை மஞ்சளாக, மெத்தென்று இருக்கும். அப்பா மீனின் தலையைத் தடவிப் பார்த்தே இன்ன கெளுத்தி என்று சொல்லிவிடுவார். மண்டைக்குப் பின்னால் எலும்பு முடிகிற இடம் கெலி புங்காவுக்கு வட்டமாக இருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குக் கூராக இருக்கும்.

போன தீபாவளி விடுமுறையில் நான் பிடித்த ஒரு மீனைச் சித்தப்பாவிடம் காட்டினேன். தடவிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வட்டமும் இல்லை, கூரும் இல்லை. அறுபது வருடமாக இந்தத் தண்ணீரில் மீன் பிடித்தவருக்கு அதற்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. கண்ணால் பார்த்து எதையும் முடிவு கட்ட முடியாது, மரபணுவைச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். ஆனாலும் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் அறிவிப்பைப் பார்த்ததும் குஞ்சு தரும் பண்ணைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: கலப்பினம்தான். தாய் கெலி புங்கா, தகப்பன் ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்ப்புக் குளத்தில் இந்த மீனை நான் குறை சொல்லவே மாட்டேன். சீக்கிரம் வளரும், விலையும் மலிவு, எத்தனையோ குடும்பங்கள் அதை நம்பிப் பிழைக்கின்றன. தாய்லாந்தில் 1980களின் கடைசியிலிருந்து இதே கலப்பைப் பெரிய அளவில் வளர்க்கிறார்கள். ஆனால் குளம் குளமாகவே இருந்துவிடுவதில்லை. மழை பெய்து கரை உடைந்தால் மீன் வெளியே போய்விடும். அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் இயற்கையில் பிடித்த கெலி புங்காவைச் சோதித்தபோது அவற்றுக்குள் ஆப்பிரிக்க மீனின் மரபணு இருந்தது. 2004-இல் அது ஆய்வாக வெளிவந்தது. தாய்லாந்தில் மீன் தப்பித்துத்தான் ஆற்றுக்குப் போனது. இங்கே நாமே பை பையாகக் கொண்டுபோய் விடப் போகிறோம்.

கலந்தால் என்ன, மீன் மீன்தானே என்று நீங்கள் கேட்கலாம். இதற்குப் பதில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பனி உருகி ஓடும் ஃபிளாட்ஹெட் ஆற்றில் இருக்கிறது. அங்கே சொந்த மீன் வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட் டிரவுட். தாடைக்குக் கீழே சிவப்புக் கீற்று இருக்கும். அந்த ஆற்றில் இல்லாத ரெயின்போ டிரவுட்டைத் தூண்டில்காரர்களின் சந்தோஷத்துக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவும் நல்லெண்ணத்தில் நடந்த காரியம்தான். 1969-இல் நிறுத்துவதற்குள் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குஞ்சுகள் ஆற்றுக்குள் போய்விட்டன.

இரண்டும் நெருங்கிய இனங்கள். கழுதையும் குதிரையும் சேர்ந்து பிறக்கும் கோவேறு கழுதை மலடாகிவிடும், கதை அதோடு முடிந்துவிடும். இந்த மீன்களின் கலப்புக் குஞ்சு மலடில்லை. அது வளர்ந்து சுத்தமான கட்த்ரோட்டோடு சேரும், அதன் குஞ்சு இன்னொன்றோடு சேரும். ஒருமுறை கலந்தபின் அந்த வழியில் பிறப்பதெல்லாம் கலப்புதான், திரும்பிப் போக வழியில்லை. மொன்டானாவில் ஓர் ஓடையில் எந்தக் குஞ்சு எந்த மீனுடையது என்று மரபணு வழியாகவே கணக்கெடுத்தார்கள். 2009-இல் வெளியான முடிவு இது: ஒரு மீனின் மரபணுவில் ஐந்தில் ஒரு பங்கு ரெயின்போவுடையதாக இருந்தாலே, அது விட்டுப்போகும் குஞ்சுகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குப் பழகிய உடம்பு, கலப்பில் அந்தப் பழக்கத்தை இழந்துவிடுகிறது. அப்படியிருந்தும் கலப்பு நிற்கவில்லை, ஏனென்றால் கலப்பு மீன்கள் பிறந்த ஓடையை விட்டு வேறு ஓடைகளுக்குப் போய் முட்டையிடுகின்றன. கோடைத் தண்ணீர் சூடாகி, வசந்தகால வெள்ளம் குறையக் குறைய மேலோடைகளுக்கும் பரவுகிறது. குஞ்சு விடுவதை நிறுத்தி ஐம்பது வருடம் கடந்துவிட்டது. அன்னப்பறவையே வந்தாலும் இந்தப் பாலையும் தண்ணீரையும் இனிப் பிரிக்க முடியாது.

வேறு ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைத் தவறாக நினைப்பீர்கள். மனிதர்களின் கலப்புத் திருமணத்தோடு இதை யாரும் சேர்த்துப் பேச வேண்டாம். என் மருமகள் சீனப் பெண், என் பேரன் எங்கள் வீட்டின் வெளிச்சம். மனிதர் எல்லாரும் ஒரே இனம். நான் பேசுவது, வேறு கண்டத்து ஆற்றில் உருவான ஒரு மீனை நம் கையால் இன்னொரு மீன் மேல் திணிப்பதைப் பற்றி. இயற்கையில் கலப்பே நடக்காது என்றும் சொல்லவில்லை. பசிபிக் கரையோரத்தில் கட்த்ரோட்டின் ஒரு வகையும் ரெயின்போவும் காலங்காலமாக ஒரே ஆறுகளில் வாழ்கின்றன. எப்போதாவது கலந்தாலும் இரண்டும் இரண்டாகவே இருக்கின்றன. நாம் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் விடும் இடங்களில்தான் பெரும்பாலும் எல்லாம் குழம்பிப்போகிறது.

உங்களைப் போன்ற தூண்டில்காரர்களே ஓர் ஆற்று மீனைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஸ்லோவேனியாவில் சோச்சா என்று ஓர் ஆறு. அதில் மார்பிள் டிரவுட் என்று ஒரு மீன், ஒரு மீட்டருக்கு மேல் வளரும், உடம்பெல்லாம் பளிங்கு வரி. வெளியிலிருந்து 1906 முதல் பழுப்பு டிரவுட்டைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டு அதையும் கலக்க வைத்தார்கள். அருவிகளுக்கு மேலே, வேறு மீன் ஏற முடியாத சில சின்ன ஓடைகளில் மட்டும் சுத்தமானவை மிஞ்சின. டோல்மின் ஊர்த் தூண்டில்காரர் சங்கம் 1990களில் விஞ்ஞானிகளோடு கைகோத்து, அந்த ஓடை மீன்களின் முட்டையை எடுத்து வளர்த்து, மீனே இல்லாத ஓடைகளில் விட்டது. பழுப்பு டிரவுட் விடுவதும் நின்றது. அவர்களுக்காவது அருவி இருந்தது. நம்முடைய பிளஸ் ஆறு நேராகப் பேராக் ஆற்றில் போய்ச் சேர்கிறது. இங்கே விடும் மீன் எங்கே வேண்டுமானாலும் போகும்.

சரி, மீன் விடவே கூடாதா? விடலாம். ஆற்று மீன்பிடிப்பு நம் நாட்டில் மாநில அரசின் அதிகாரத்தில் வருவது. ஆகவே முதலில் மாநில மீன்வளத் துறையிடம் எழுத்தில் அனுமதியும் ஆலோசனையும் கேளுங்கள். எந்த மீன் என்பதோடு, அதன் தாய் தகப்பன் எந்த ஆற்றில் பிடிக்கப்பட்டவை என்றும் கேளுங்கள். நம் ஆற்று மீனான லம்பாமே ஆனாலும் பேராக் ஆற்று லம்பாமின் குஞ்சாக இருக்கட்டும். பதில் வரும்வரை அந்தப் பணத்தில் கரையோரம் மரம் நடலாம். செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டம் தண்ணீர் வரைக்கும் வந்துவிட்ட இடங்களில் நிழலே இல்லை. பிள்ளைகளுக்கு அந்த வேலையும் பிடிக்கும்.

பண்ணைக்காரருக்கு நஷ்டம் வரக் கூடாது. முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், குஞ்சுகளைக் குளம் வைத்திருப்பவர்களிடம் விற்றுவிடலாம். வாங்க ஆள் பார்த்துத் தருகிறேன், குறைகிற தொகையில் என் பங்கையும் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குச் சித்தப்பாவையும் அழைத்து வருகிறேன். கெலி புங்காவின் தலை எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்ட அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். காட்டுவதற்கு ஒரு மீன் மட்டும் கிடைக்க வேண்டும். இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்து இந்த ஆற்றோரம் வளர்ந்த ஒருவன்,
சுங்கை சிப்புட்