கோமதிக்கு, தில்பசந்த் சமாசாரம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி தேவலையா? மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள். மொட்டைமாடிச் செடிக்கு வேறு யாராவது தண்ணீர் ஊற்றட்டும்.

இங்கே பேரனுக்கு அரைப் பரீட்சை லீவு. கேக் செய்து கொடு என்று நச்சரித்தான். மகன் வாங்கிப் பரணில் போட்டிருந்த ஓவனை இறக்கித் துடைத்தேன். எனக்கு நினைவு வந்தது கேக் அல்ல, தில்பசந்த். பெங்களூர் மல்லேஸ்வரம் ஹாஸ்டலில் இருந்தபோது சம்பள நாளன்று ஐயங்கார் பேக்கரியில் வாங்குவோமே, வட்டமாகச் சுட்டு முக்கோணமாக வெட்டி வைத்திருப்பார்கள், உள்ளே தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும். செர்ரி இருக்கும் துண்டு எப்போதும் உனக்குத்தான் போகும். அந்த அநியாயத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

முதல் தடவை மாவு எழும்பவே இல்லை. கொதிக்கிற பாலை அப்படியே ஈஸ்ட்டில் ஊற்றியிருக்கிறேன், செத்துப்போய்விட்டது. விரல் வைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் தடவை மேலே நல்ல பொன்னிறம், பார்த்தால் கடைச் சரக்கு. கத்தியை இறக்கினால் அடிப்பக்கம் களி! ஓவன்மேல் பழியைப் போட்டு, மூன்றாம் தடவை சூட்டைக் கூட்டினேன். மேல்பக்கம் கருகியதுதான் மிச்சம்.

அப்புறம்தான் உறைத்தது. பச்சைத் தேங்காய்த் துருவலில் சர்க்கரை சேர்ந்தால் நீர் விட்டுக்கொள்ளும். அது முழுக்க அடிமாவில் இறங்கும். தீபாவளிக்குத் தீபாவளி சோமாசிப் பூரணத்தை வாணலியில் வறட்டி எடுக்கிறவளுக்கு இது தோன்றவில்லை பார். ஒரு மூடித் துருவலை நிறம் மாறாமல் ஈரம் மட்டும் போக வதக்கி, ஆறவிட்டு, பிறகு சர்க்கரை, ஏலக்காய், முந்திரி, டூட்டி ஃப்ரூட்டி. (அது சாயம் ஏற்றிய பப்பாளிக்காய்தான் என்று பேரனிடம் சொன்னது தப்பு. பொறுக்கிப் பொறுக்கி ஒதுக்குகிறான்.)

மாவுக்கு 250 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், 40 கிராம் வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரை, உப்பு, பால். கையில் லேசாக ஒட்டுகிற பதம் வேண்டும், சப்பாத்தி மாவு போல இறுகினால் ஆகாது. இந்த மார்கழிக் குளிரில் இரண்டு பங்காக உப்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. கீழ்வட்டத்தைக் கனமாகவும் மேல்வட்டத்தை மெல்லிசாகவும் தேய்த்து, நடுவில் பூரணம் பரப்பி, ஓரத்தில் பால் தொட்டு ஒட்டினேன். மேலே முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்த மறக்காதே. குத்தாவிட்டால் ஆவி போக வழியில்லாமல் மேல்தோல் பூரி மாதிரி எழும்பி நிற்கும், பூரணம் தனியே கிடக்கும். 180 டிகிரியில் 25 நிமிஷம். இறக்கியதும் சுடச்சுட வெண்ணெய் தடவினால் அந்தப் பளபளப்பு தானாக வருகிறது.

நாலாவது சரியாக வந்தது. பார்சல் அனுப்பலாம் என்றால் தேங்காய் தாங்காது. பொங்கல் கழித்து நீயே வா, தரைத்தளத்து அறையை ஒழித்து வைக்கிறேன்.

ஒரு சந்தேகம். ஏலக்காய் மட்டும் போட்டதில் அந்தக் கடை வாசனை வரவில்லை. கிராம்பும் போட்டிருப்பார்களோ? செர்ரித் துண்டையெல்லாம் தின்றவள் நீதானே, நினைவிருந்தால் எழுது.

அன்புடன்,
ராஜி