சட்டவிரோத மீன்பிடிப்பு: உறுப்பினர்கள் கவனத்திற்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சட்டவிரோத மீன்பிடிப்பைப் பற்றிய நம் உரையாடல் கடலில் கப்பலைத் துரத்திப் பிடிப்பதிலேயே நின்றுவிடுகிறது. களவாகப் பிடித்த மீன் பணமாக மாறுவது பெரும்பாலும் துறைமுகத்தில்தான் என்பதால், நம் கவனம் அங்கும் திரும்ப வேண்டும்.

2016 ஜூன் 5 அன்று நடைமுறைக்கு வந்த துறைமுக நாட்டு நடவடிக்கைகள் ஒப்பந்தம், சந்தேகத்துக்குரிய வெளிநாட்டுக் கப்பலுக்கு நுழைவை மறுக்கவும், உள்ளே வந்த கப்பலைச் சோதித்து மீனை இறக்கவிடாமல் தடுக்கவும் வழிசெய்கிறது. அண்டை நாடுகள் சேர்ந்து செயல்பட்டால்தான் இது பலன் தரும்; ஒரு துறைமுகம் கண்டும் காணாமல் இருந்தாலும் அத்தகைய கப்பல்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

கப்பல்களைப் பற்றி இங்கே பதிவிடுவோர் பெயரையும் கொடியையும் மட்டும் நம்ப வேண்டாம். அவை மாறிக்கொண்டே இருக்கலாம். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் (ஐ.எம்.ஓ.) ஏழு இலக்க அடையாள எண், அது வழங்கப்பட்ட கப்பலுக்கு, உடைக்கப்படும் வரை மாறுவதில்லை. கப்பலின் இருப்பிடத்தைத் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். சமிக்ஞை நடுக்கடலில் நின்றுபோய், சில மணி நேரம் கழித்துக் குளிர்பதனக் கப்பல் ஒன்றின் அருகே மீண்டும் தென்பட்டால், மீன் கைமாறியிருக்கக்கூடும். ஆயினும் அது ஐயமே தவிர ஆதாரம் அன்று. அவ்வாறே குறிப்பிட்டுப் பதிவிடுங்கள்.

மீன்வளத்தின் நியாயமான பங்கீட்டுக்கு எடுத்துக்காட்டாக, பசிபிக் பெருங்கடலின் நௌரு உடன்படிக்கை நாடுகளைப் படிக்கப் பரிந்துரைக்கிறேன். சூரை மீன்பிடி நாட்களுக்கு வரம்பு வகுத்து, குறைந்தபட்ச விலையைக் கூட்டாக நிர்ணயித்து, அந்த நாட்களை அவை கப்பல்களுக்கு விற்கின்றன; தனித்தனியே பேரம் பேசினால் சிறு தீவுகளுக்கு இந்த வலிமை கிடைத்திருக்காது என்பது என் உறுதியான கருத்து. அடுத்த உரையாடலை இதிலிருந்தே தொடங்குவோம்.