அரைகுறைப் படம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கிருஷ்ணதேவராயர் காலத்து உடை பற்றிய பென்சில் படத்தைப் பார்த்துவிட்டு, ‘முடிக்காத படத்தை எதற்குப் போட்டீர்கள்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஓவியம் கற்றுத்தரும் எங்களைக் கேட்டால், அந்தப் படத்தில் அருமையான பகுதியே முடிக்காமல் விட்ட இடது பாதிதான்.

ஆந்திரத்தின் லேபாட்சி வீரபத்திரர் கோயில் விதான ஓவியங்களில் விஜயநகர அதிகாரி விருபண்ணாவின் பரிவாரத்தார் கூம்புக் குல்லாயும் மெல்லிய வெள்ளை அங்கியுமாக நிற்கிறார்கள். அந்த ஓவியங்கள் ராயருக்கு அடுத்து வந்த அச்சுதராயர் காலத்தவை என்றாலும், இந்த உடைக்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். அங்கிக்குள் உடுத்தியது வெளியே தெரியும். வரைபவரைத் திணறடிப்பது அதுதான். மேல் அங்கியை முதலில் போட்டுவிட்டால் கால் எங்கே இருக்கிறது என்பதே பிடிபடாது. இந்த ஓவியர் வெளிறிய கோடு தரும் கடினமான 2எச் பென்சிலால் காலை வரைந்து, அதன்மேல் வேட்டிக் கொசுவத்தை வைத்து, கடைசியில்தான் அதைவிடச் சற்றுக் கருமையான எச்பி பென்சிலால் அங்கியின் விளிம்பைப் போட்டிருக்கிறார். இடது பக்கம் மூன்று அடுக்கும் தெரிகின்றன. நிழல் தீட்டிய வலது பக்கத்தில் முதல் அடுக்கு மறைந்தே போயிற்று.

மெல்லிய துணி என்றதும் பலர் விரலால் தேய்ப்பார்கள். கரி தாளின் சொரசொரப்பில் ஒரே சீராக அடைந்து, துணி நனைந்ததுபோல் ஆகிவிடும். இரண்டு அடுக்கு சேரும் இடத்தில் மட்டும் லேசான நிழல், ஓர் அடுக்குள்ள இடத்தில் வெறும் தாள், விளிம்புக்கு ஒரு கூர்மையான கோடு. இவ்வளவு போதும்.

பூ வேலைப்பாட்டையும் கவனியுங்கள். 1520-களின் தொடக்கத்தில் ராயரைப் பார்த்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், பொன் ரோஜாக்கள் தைத்த வெள்ளை உடை என்று எழுதியிருக்கிறார். ஓவியர் பூக்களுக்கு முன் புள்ளிகளை வைத்திருக்கிறார். புள்ளி வரிசை மடிப்போடு சேர்ந்து வளைகிறது, மடிப்பில் விழும் பூ பாதியாக அறுபடுகிறது. எல்லாப் பூவையும் முழுசாகப் போடுகிறவர்களுக்கு மடிப்பே தட்டையாகிவிடும்.

குல்லாயின் நடு அச்சுக் கோட்டை அழிக்காமல் விட்டதும் நல்லதாயிற்று. தலை சாய்ந்த அளவுக்கு அதுவும் சாய்கிறது. அடி விளிம்பு நெற்றியைச் சுற்றி வளைகிறது. அங்கே நேர்க்கோடு போட்டால் குல்லாய் தலைக்கு முன்னால் ஒட்டிவைத்த அட்டையாகத் தெரியும்.

குறை ஒன்று உண்டு. அரசர் காலில் செருப்பு இருக்கிறது. பயஸ் பார்த்தபோது ராயர் வெறுங்காலுடன்தான் இருந்தார். நிழலுக்கான மென்மையான, கருமையான 4பி பென்சில் அதன்மேல் ஏறினால் தாளில் தடம் போகாது. நிழல் தீட்டுவதற்குள் ஓவியர் செருப்பை அழித்துவிடுவது நல்லது.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: செய்தித்தாளில் 2எச் கோடுகள் பாதிக்கு மேல் காணாமல் போயின. கறுப்பு-வெள்ளையாக ஸ்கேன் செய்யாமல் சாம்பல் நிறச் சாயல்களோடு எடுத்து, நடுச்சாயலை மட்டும் சற்றுக் கருமையாக்கி, நான்கு பத்தி அகலத்தில் மறுபடி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள் சிலர்