ஒன்பது தட்டாக வாங்கிவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பா காலையில் கோட்டை அடிவாரம் வரை நடந்துவிட்டு வருகிறார், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. நேற்று நீ சீக்கிரம் போனை வைத்துவிட்டாய். கேட்க நினைத்தது கேட்காமலே நின்றுவிட்டது. அதனால் எல்லோரும் தூங்கின பிறகு போனிலேயே தட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் வீட்டில் விருந்து வைக்கிறாய் என்று கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ராயக்கோட்டையில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போன பிள்ளை, எடின்பரோவில் புரொபசரையும் அவர் வீட்டம்மாவையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறாள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன், பூக்கடையிலும் சொன்னேன்.

புரொபசர் வீட்டில் இரண்டு பேர், லேபில் மூன்று பேர், கீழ்வீட்டுப் பாட்டி, அந்தக் கேரளத்துப் பெண். ஏழு ஆயிற்று. உன்னோடு எட்டு. புதுசாக எட்டுத் தட்டு வாங்கப்போகிறேன் என்றாய். வாங்குவதுதான் வாங்குகிறாய், ஒன்பதாக வாங்கிவிடு. பீங்கானில் ஒன்று எப்படியும் உடையும். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு டியூட்டியாக இருக்கும், முடித்துவிட்டு வந்தால் அவருக்கும் ஒரு தட்டு வேண்டும் இல்லையா?

சரி, விருந்து விஷயத்துக்கு வருகிறேன். அங்கே டிசம்பரில் மூணே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் என்றாய். இருட்டிலும் குளிரிலும் நடந்து, அந்தக் கல் படிக்கட்டு ஏறி வருகிறவர்களுக்குக் கதவு திறந்ததும் கையில் சூடாக ஏதாவது கொடு. கொள்ளு ரசம் வை. காரம் குறைத்து, மிளகு சீரகம் மட்டும் தட்டிப் போட்டு, தெளிவாக இறுத்து, கைப்பிடி உள்ள சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடு. கோட்டு, மப்ளரை எல்லாம் வாங்கி உன் கட்டில் மேல் போடலாம், தப்பில்லை. வாசலில் நிற்க வைத்துப் பேசாதே.

மேலே எரிகிற ட்யூப் லைட்டை அணைத்துவிடு. மூலைக்கு ஒரு மஞ்சள் விளக்கு, மேஜையில் மெழுகுவத்தி, அது போதும். வாசனை மெழுகுவத்தி வேண்டாம், தாளிப்பு வாசனையை அது கெடுத்துவிடும். பூவும் அப்படித்தான். உயரமான ஜாடியில் வைத்தால் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. காம்பை வெட்டிக் குட்டைக் கிண்ணத்தில் வை. இங்கே சாமந்தி பார்க்கப் பார்க்க ஆசையாக வருகிறது, உனக்கு அனுப்ப வழியில்லை. ஹீட்டரை ஆட்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே குறைத்துவிடு. எட்டொன்பது பேர் ஒரு அறையில் உட்கார்ந்தால் அந்தச் சூடே போதும், அடுப்பும் எரிகிறது.

சமையலுக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்புதான் வைக்க வேண்டும். வேறு எதுவும் யோசிக்காதே. இங்கே இப்போது மொச்சை வந்துவிட்டது, சந்தையில் குவித்து வைத்திருக்கிறார்கள், பனி விழ விழக் கொட்டைக்கு மணம் கூடுகிறது. உனக்குக் காய்ந்த கொட்டைதான் அனுப்ப முடியும். விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரியே ஊற வை. அது வந்து சேராவிட்டால் குஜராத்திக் கடை ஃப்ரீசரில் சுர்த்தி பாப்டி லில்வா என்று ஒரு பாக்கெட் இருக்கும், அதுவும் இந்தக் கொட்டைதான். சின்ன வெங்காயம் கிடைக்காவிட்டால் பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி நிதானமாக வதக்கு. தேங்காய், கசகசா, சோம்பு அரைத்து ஊற்றிய பிறகு ரொம்ப நேரம் கொதிக்க விடாதே, பருப்பு குழைந்துவிடும். முதல் நாளே வைத்து ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்துவிட்டால் மறுநாள் ருசி ஏறி நிற்கும், உனக்கும் அன்றைக்கு வேலை இருக்காது.

பிதுக்குகிற வேலையை மட்டும் நீ ஒருத்தியாகச் செய்யாதே. அந்தக் கேரளத்துப் பெண்ணை முதல் நாள் சாயங்காலமே வரச் சொல். ஊறின கொட்டையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்காருங்கள். கட்டை விரலில் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி விழும், உனக்குத் தெரியாததா? நம் வீட்டில் எந்தப் பெரிய விஷயமும் மொச்சை பிதுக்கும்போதுதான் பேசியிருக்கிறோம். கை வேலையில் இருக்கும், கண் கீழே இருக்கும், அதனால் பேச வரும். உனக்கும் அங்கே பேச ஒரு ஆள் வேண்டும், பாப்பா.

களி கிண்டுவாயா? எலுமிச்சம்பழ அளவுக்குச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வை, புதுசாகச் சாப்பிடுகிறவர்கள் பயப்பட மாட்டார்கள். மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று நீயே செய்து காட்டு. பிடிக்காதவர்களுக்குச் சோறு இருக்கட்டும். கடைசி நேரத்தில் அடுப்பில் நிற்கிற வேலை களி ஒன்றுதான் இருக்க வேண்டும். தட்டுகளை ஓவனில் லேசான சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடு. அந்தக் குளிரில் சில்லென்ற தட்டில் போட்டால் சாதம் உடனே ஆறிப்போகும். முடிவில் சாமைப் பாயசம், வெல்லம் போட்டு. பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால் ஊற்றினால் யாருக்கும் ஆகும்.

யாருக்கு என்ன ஆகாது என்று முன்னாலேயே கேட்டுவிடு. கடலை ஆகாது, எள் ஆகாது என்பார்கள், அந்த ஊரில் கடுகுகூட அந்தப் பட்டியலில் இருக்கிறதாம், தம்பி படித்துக் காட்டினான். நாம் தாளிக்காமல் எதை இறக்குகிறோம்? காவேரிப்பட்டினத்து நிப்பட்டு அனுப்புகிறேன், அதில் கடலை இருக்கிறது, தனித் தட்டில் வைத்துச் சொல்லிவிட்டுக் கொடு. நெய் அனுப்ப முடியவில்லை. பால் சம்பந்தப்பட்டது எதையும் இங்கிருந்து அந்த நாட்டுக்கு எடுத்துப் போக விட மாட்டார்களாம். உருக்கி வைத்தது வைத்தபடி இருக்கிறது. நீ வந்து சாப்பிடு.

வருகிறேன் வருகிறேன் என்று போன பொங்கலும் போயிற்று, உன் சித்தி பேத்தி காது குத்தும் போயிற்று. வேலை இருக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீடியோவில் முகத்தைக் காட்டு. கேமராவைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேசினால் எனக்கு என்ன தெரியும்? இளைத்திருக்கிறாயா, தூங்குகிறாயா, ஒன்றும் தெரிவதில்லை. முன்பெல்லாம் மாப்பிள்ளையும் குறுக்கே வந்து அத்தை சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கேட்பார். அவருக்கும் வேலை அதிகம் போல.

ஒன்பது தட்டு, மறந்துவிடாதே.

இன்னொன்று, நீயும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கிண்ணங்களை மேஜை நடுவில் வைத்துவிட்டால் அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள், அங்கே அதுதான் வழக்கம் என்று நீதான் சொன்னாய். அடுக்களைக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருக்காதே. பாத்திரம் காலையில் கழுவலாம். யாராவது உதவிக்கு வந்தால் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளாதே, தண்ணீர் ஊற்றச் சொல், தட்டு எடுக்கச் சொல். கீழ்வீட்டுப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொள். வயதானவர்களுக்கு ஒரு முகத்தைப் பார்த்தால் தெரியும்.

ஏன் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், போச்சம்பள்ளி அத்தையும் அப்படித்தான் இருந்தாள். அவள் வீட்டுக்கு யார் போனாலும் ஓடி ஓடிப் பரிமாறுவாள், சிரித்த முகம் மாறாது, வாயைத் திறந்து ஒன்று சொன்னதில்லை. அவள் பை ஒன்றோடு நம் வாசலில் வந்து நின்ற அன்றைக்கு நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய், உனக்கு ஞாபகம் இருக்கும். உன் பாட்டி ஏன், என்ன, எப்போது என்று ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவச் சொன்னாள், தட்டைப் போட்டாள், நாங்கள் எல்லோரும் கூட உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊர் நாலு வார்த்தை பேசியது, பேசிவிட்டு ஓய்ந்தது. அத்தை இன்றைக்கு எப்படி இருக்கிறாள், நீயே பார்த்திருக்கிறாய். அந்த வீடு இன்னும் இருக்கிறது. உன் அப்பா அந்தப் பாட்டி பெற்ற பிள்ளைதான்.

நீ எதையும் எழுத வேண்டாம். எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல். சொல்லவே வேண்டாம் என்றாலும் சரி, முகத்தைக் காட்டினால் போதும்.

விருந்தன்றைக்கு நீ ஏழு மணிக்குக் கதவைத் திறக்கும்போது இங்கே ராத்திரி பன்னிரண்டரை. எல்லோரும் போன பிறகு எத்தனை மணியானாலும் கூப்பிடு. போனைத் தலைமாட்டில்தான் வைத்திருப்பேன், அப்பாவும் அப்படியே வைக்கச் சொல்லியிருக்கிறார்.

ஓசூர் டாக்டர் வீட்டுப் பெண் வருகிற திங்கள்கிழமை கிளம்புகிறாள். பெட்டியில் நமக்கு மூன்று கிலோ இடம் தருகிறேன் என்றாள். மொச்சை ஒரு கிலோ, கேழ்வரகு மாவு ஒரு கிலோ, நிப்பட்டு அரை கிலோ கட்டிவிட்டேன். மீதி அரை கிலோவுக்குச் சாமையா, கொள்ளா என்று சனிக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அம்மா