நேஷனல்ஸ் பார்க்கில் முதல் ஆட்டம்

ஏப்ரல் 1, 2008

அன்புள்ள அம்மு,

ஞாயிறு ராத்திரி நீ போன் பண்ணியபோது, நம் வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணி புது மைதானத்தில் ஆடிய முதல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கூச்சலில் ஸ்கோரை மட்டும்தான் சொல்ல முடிந்தது. மீதியை இப்போது எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆட்டம் பார்த்து முடித்த மாதிரியே இல்லை.

முதலில் மைதானம். நம் பழைய மைதானமான ஆர்.எஃப்.கே.யில் நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் சுற்றிலும் கான்கிரீட்தான், ஊரே தெரியாது. இங்கே அப்படி இல்லை. பக்கத்திலேயே அனகோஸ்டியா ஆறு. இடது பக்க மூலைக்குப் பின்னால் செர்ரி மரங்கள் வைத்திருக்கிறார்கள். மேல் தட்டில் சில இடங்களிலிருந்து நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடலின் கோபுரம்கூடத் தெரிகிறது. ஆனால் ஒன்று, ஆர்.எஃப்.கே.யில் எல்லாரும் சேர்ந்து குதித்தால் பெஞ்சுகள் ஆடுமே, அது இங்கே கிடையாது. நீ தேடுவாய்.

செலவு 600 மில்லியன் டாலருக்கு மேல். பெரும்பகுதி நகரத்தின் பணம். அங்கே இருந்த கடைகளையும் வீடுகளையும் காலி செய்துதான் கட்டினார்கள். மைதானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஏற்பாட்டை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அணியை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள்தான் மைதானத்தையும் கட்ட வேண்டும்.

நல்ல குளிர். அம்மா கட்டாயப்படுத்திக் கொடுத்த சால்வைதான் காப்பாற்றியது. அதிபர் புஷ் வந்து முதல் பந்தை வீசினார். பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் கத்தினார்கள். அப்புறம் ஆட்டம். முதல் இன்னிங்ஸிலேயே நம் நிக் ஜான்சன் ஒரு டபுள் அடித்தார், அதாவது ஓடித் தொட வேண்டிய நான்கு பேஸ்களில் இரண்டாவது வரை ஒரே அடியில் போய்விட்டார். 2006இல் கால் முறிந்து, போன வருஷம் முழுக்க ஆடாதவர். அவர் இரண்டாவது பேஸில் போய் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இன்னிங்ஸில் நமக்கு இரண்டு ரன். அதோடு சரி, அதற்குப் பிறகு எதிரணி அட்லாண்டாவின் பந்துவீச்சாளர் டிம் ஹட்சன் நம் ஆட்களை அசையவே விடவில்லை. பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பதுதான் ஹோம் ரன்; இந்த மைதானத்தின் முதல் ஹோம் ரனையும் அவர்களுடைய சிப்பர் ஜோன்ஸ்தான் அடித்தார்.

எனக்கு அடுத்த சீட்டில் ஒரு பெரியவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். 1971 செப்டம்பர் 30 அன்று, இந்த ஊரின் பழைய செனட்டர்ஸ் அணி இங்கே ஆடிய கடைசி ஆட்டத்துக்கு அவருடைய அப்பா கூட்டிப் போனாராம். டீம் டெக்சஸுக்குப் போகப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக 7-5 என்று முன்னால் இருக்கிறார்கள். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட் ஆகிவிட்டது, இன்னும் ஒன்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது. மூன்றாவது அவுட் விழுவதற்குள் ஜனங்கள் உள்ளே இறங்கி பேஸ்களையும் புல்லையும் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, யாங்கீஸ் 9-0 என்று ஜெயித்ததாக அறிவித்துவிட்டார்கள். அதற்கப்புறம் 2005 வரை இந்த ஊருக்கென்று ஒரு டீம் கிடையாது. "அந்த ஒரு அவுட்டை நான் பார்க்கவே இல்லை" என்றார். அவர் அதைச் சொன்ன விதம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

ஒன்பதாவது இன்னிங்ஸில் அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் நம் கேட்சர் ஒரு பந்தை விட்டுவிட, அட்லாண்டா ஓடி வந்து 2-2 ஆக்கியது. கீழே இறங்கிக்கொண்டிருந்தவர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். நாம் ஆட வந்தோம். ஒரு அவுட். இரண்டு அவுட். அடுத்து ரயன் ஜிம்மர்மன்.

2006 அப்பாக்கள் தினம் ஞாபகம் இருக்கிறதா? யாங்கீஸுக்கு எதிராக, ஒன்பதாவது இன்னிங்ஸில், இதே பையன் ஹோம் ரன் அடித்து, இதே 3-2 என்று ஜெயித்தோம். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாயே! அதேதான், அம்மு. பந்து இடப்பக்கமாக உயர்ந்து போனதும் பெரியவர் எழுந்துவிட்டார். சுவருக்கு அப்பால் விழுந்து நாம் 3-2 என்று ஜெயித்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பேர்கூடக் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்தும் ரொம்ப நேரம் இரண்டு பேரும் கிளம்பவில்லை.

நீ இப்போது போகிற பாஸ்டன் மைதானம் ஃபென்வே பார்க் 1912இல் திறந்தது. அங்கே எந்தச் சீட்டில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் பழைய கதை சொல்வார். இந்தப் புது இடத்துக்கு அன்று சாயங்காலம் வரை ஒரு கதையும் இல்லை. முதல் கதை உருவாகும்போது நான் அங்கே இருந்தேன் என்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். பக்கத்தில் நீ இல்லையே என்பது ஒன்றுதான் குறை.

17ஆம் தேதி போப்பாண்டவர் நேஷனல்ஸ் பார்க்கில் திருப்பலி நடத்துகிறார், அதனால் அந்தப் பக்கமெல்லாம் நெரிசலாக இருக்கும். மே மாதம் நீ வருகிற தேதி முடிவானதும் உடனே சொல், மூன்று டிக்கெட் எடுக்கிறேன். இந்தத் தடவை அம்மாவும் வருகிறாளாம்.

அன்புடன்,
அப்பா