நாய்க்கு தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்க

ஆசிரியருக்கு வணக்கம். நாய்க்குட்டிய ஆசையா வாங்கிட்டு வந்துடுறாங்க, ஆனா அதுக்கு தினமும் என்ன செய்யணும்னு யாரும் பேசுறதில்ல, அதான் எழுதுறேன்.

சாப்பாடு நேரத்துக்கு வைக்கணும், வளர்ந்த நாய்க்கு ரெண்டு வேளை, 2 மாசக் குட்டின்னா 3, 4 வேளையா பிரிச்சு. வாக்கிங்கும் அப்படித்தான், நேரம் பழகிட்டா வீட்டுக்குள்ள அசிங்கம் பண்றது தானா குறையும்.

ஆனா நான் முக்கியமா சொல்ல வர்றது உடம்ப தடவிப் பாக்குறது. வாக்கிங் போயிட்டு வந்ததும் காது மடலுக்குள்ள, விரல் இடுக்குல, கழுத்துப் பட்டைக்கு கீழ, வால் அடியில கைய விட்டுப் பாருங்க, பயறு மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டா அது உண்ணி, ட்வீசரால தோல ஒட்டிப் பிடிச்சு நேரா மெதுவா இழுக்கணும், மண்ணெண்ணெய் ஊத்துறது, சூடு வைக்கிறது எல்லாம் வேணவே வேணாம். உதட்டத் தூக்கி ஈறையும் பாருங்க, வெளுத்துப் போயிருந்து நாயும் சுருண்டே கிடந்தா உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடணும். நம்ம பாராசிட்டமால உடைச்சுக் கொடுக்குறாங்க பாருங்க, தயவுசெஞ்சு வேணாம், அது உயிருக்கே ஆபத்து!

பல் தேய்க்க நாய் பேஸ்ட் மட்டும்தான். ரேபிஸ் ஊசி, பூச்சி மருந்து தேதிய காலண்டர்ல குறிச்சு வைங்க.

கால்நடை டாக்டர் பதில் சொல்ற மாதிரி வாரம் ஒரு பகுதி உங்க பேப்பர்ல ஆரம்பிச்சா ரொம்ப உதவியா இருக்கும் சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்