வலைக்கண் மூடும் இடம்: கருவி அனுமதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி வழங்கும் அமைப்புகளின் தொழில்நுட்பக் குழுவினருக்கு,

வணக்கம். பொருட்களை இழுத்தும் நசுக்கியும் சோதிப்பது என் தொழில். கருப்பை இறக்கத்தைச் சரிசெய்யப் பெண்ணின் உடலுக்குள் வைக்கப்படும், பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் பின்னிய வலையை முதன்முதலாகச் சோதனை எந்திரத்தின் இரு பிடிகளுக்கு நடுவே மாட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மேசையில் விரித்திருந்தபோது அதன் கண்கள் அகலமாக இருந்தன. விரலால் இழுக்கும் அளவு விசைதான் கொடுத்தேன். வலை அறவில்லை. ஆனால் கண்கள் ஒடுங்கி வெறும் கீறல்களாகிவிட்டன. ஓரங்கள் சுருண்டு, வலை கயிறுபோலத் திரண்டது. அறிக்கைப் படிவம் என்னிடம் கேட்டதோ, எவ்வளவு விசையில் அறுந்தது என்பதை மட்டுமே. அந்த எண்ணில் குறை சொல்ல எதுவும் இல்லை.

உடலுக்குள் வலை அறுந்துபோவதல்ல முக்கியச் சிக்கல். கண்கள் ஏறத்தாழ 1 மில்லிமீட்டராவது திறந்திருந்தால்தான் இடையில் நல்ல திசு வளரும். மூடிக்கொண்டால் அடுத்தடுத்த இழைகளைச் சுற்றிய தழும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து கெட்டித் தகடாகின்றன. அந்தத் தகடு சுருங்கும்போது வலிக்கிறது. இன்னொன்றும் உண்டு. சுற்றியுள்ள திசுவைவிட வலை மிகவும் விறைப்பாக இருந்தால், சுமையை அதுவே வாங்கிக்கொள்கிறது. வேலையில்லாத யோனிச்சுவர் மெலிகிறது. அதன் தசையும், திசுவுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதமும் குறைவதைக் குரங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாம் தரம் என்று மதிப்பெண் போட்ட வலிமையே அங்கே கேடாகிறது.

இந்த வலைகள் வயிற்றுக் குடலிறக்கச் சிகிச்சையிலிருந்து வந்தவை. அமெரிக்காவில், ஏற்கெனவே சந்தையில் இருப்பதற்கு நிகரானது என்ற அடிப்படையில் 2002-இல் அனுமதி கிடைத்தது. 2008-இலும் 2011-இலும் எச்சரிக்கைகள் வந்தன. 2016-இல் அதிக ஆபத்துள்ள வகுப்புக்கு மாற்றினார்கள். யோனி வழியாக இறக்கத்துக்கு வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது 2019 ஏப்ரலில். 17 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பெண்கள் உட்கார முடியாமல், நடக்க முடியாமல், சொன்னாலும் நம்ப ஆளில்லாமல் தவித்தார்கள்.

வலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயிற்று வழியாகச் செய்யும் அறுவையில் அது இன்றும் பயன்படுகிறது. பலனடைந்த பெண்கள் உண்டு. அறுவை செய்யும் வழி, கைத்திறன், தொற்று எல்லாம் விளைவை மாற்றும் என்பதும் தெரியும். ஆனால் பொருளின் பங்கை முன்கூட்டியே அளக்க முடியும், அளக்காமல் விட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

இருமல், தும்மல், குழந்தையைத் தூக்குவது என்று இடுப்புத்தளம் (கருப்பையை அடியிலிருந்து தாங்கும் தசைகளும் திசுவும்) தாங்குவது சிறுசிறு சுமைகளைத்தான், ஆனால் ஓயாமல். ஆகவே 37 டிகிரி வெப்பத்தில், ஈரத்தில், ஆயிரக்கணக்கான முறை இழுத்து, தளர்த்திச் சோதிக்கச் சொல்லுங்கள். பின்னல் வலை அப்படி நீண்டால் பழைய நீளத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை; எவ்வளவு திரும்பவில்லை என்பதைக் கேளுங்கள். தொடக்க விசையில் உள்ள விறைப்பைத் திசுவின் விறைப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாலியூரித்தேன், உடலில் கரையும் இழைகள் என்று புதியவை வரிசையில் நிற்கின்றன. அவற்றுக்கும் இதே கேள்விகள்தான்.

படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்: 5 நியூட்டன் விசையிலும் 10 நியூட்டன் விசையிலும் கண்ணின் அகலம் எவ்வளவு, நிழற்படத்துடன். எங்கள் எந்திரங்களில் அதை ஒரே பிற்பகலில் அளந்து தந்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு பொருட்சோதனைப் பொறியாளர்